வட ஆற்காட்டின் ரத்தினக் கம்பளம்: விக்டோரியா காலத் தொழில் ஒன்றின் எழுச்சியும் சரிவும்

பாலாற்றின் வடகரையில் உள்ள வாலாஜாப்பேட்டை, 19-ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் ரத்தினக் கம்பளம் நெய்த சில ஊர்களுள் ஒன்று. கிருஷ்ணா, கோதாவரி ஆறுகளுக்கு இடைப்பட்ட ஏலூரு, கடலோர மசூலிப்பட்டினம், தஞ்சாவூருக்கு அருகிலுள்ள அய்யம்பேட்டை ஆகியவை மற்றவை. பிற்காலத்தில் வேலூர் மத்தியச் சிறையும் இந்த வரிசையில் சேர்ந்தது. விக்டோரியா அரசியின் ஆட்சிக்காலமான 1837 முதல் 1901 வரையிலான 64 ஆண்டுகளில் இத்தொழில் லண்டன் வரை பெயர் பெற்றது. அதே காலத்திலேயே நிலைகுலையவும் செய்தது. நெசவுத் தொழில்நுட்பம், சாய வேதியியல், நீராவிப் போக்குவரத்து ஆகிய மூன்றிலும் அப்போது ஏற்பட்ட மாற்றங்களே இரண்டுக்கும் காரணம்.

ஊரும் வணிகமும்

வாலாஜாப்பேட்டை ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர். அவர் 1749 முதல் 1795 வரை நவாபாக இருந்தார். மைசூர் மேட்டுநிலத்திலிருந்து மலைக்கணவாய்கள் வழியாக இறங்கும் சரக்கும், சென்னைத் துறைமுகத்திலிருந்து மேலே ஏறும் சரக்கும் இங்கு கைமாறின. பருத்தி, தானியம், எண்ணெய் ஆகியவற்றுடன் சாயச் சரக்குகளும் கம்பளியும் இந்த வழியில் வந்தன. நெசவும் சாயத் தொழிலும் வேரூன்ற இதைவிட ஏற்ற இடம் அமைவது அரிது. மூலப்பொருள், பணம், வாங்குவோர் மூன்றும் ஒரே சந்தையில் கிடைத்தன.

அன்றைய வட ஆற்காடு மாவட்டம் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலைப் பகுதிகளையும் சித்தூர்ப் பகுதியையும் உள்ளடக்கியது. முருகன் கோயில் கொண்ட திருத்தணி மலையும் அதைச் சுற்றிய ஊர்களும் கார்வேட்டி நகர் ஜமீனைச் சேர்ந்தவையாக இதே மாவட்டத்தில் இருந்தன. 1911-இல் சித்தூர் மாவட்டம் தனியே பிரிக்கப்பட்டபோது திருத்தணி அதனுடன் சென்றது. பின்னர் 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. விக்டோரியா காலத்தில் திருத்தணி, சோளிங்கர், வாலாஜாப்பேட்டை, ஆற்காடு ஆகிய ஊர்கள் ஒரே மாவட்ட நிர்வாகத்தின் கீழ் இருந்தன. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கிய இந்த நிலப்பரப்பு முழுவதும் தறி ஓடிய ஊர்கள் நிறைந்திருந்தன.

கம்பளத்தின் அமைப்பு

துணி என்பது பாவு, ஊடை என்ற இரு வகை இழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னுவதால் உருவாவது. நீளவாட்டில் இழுத்துக் கட்டியவை பாவு. குறுக்கே நாடா கொண்டு செலுத்துபவை ஊடை. ரத்தினக் கம்பளத்தில் இவற்றுடன் மூன்றாவதாக ஓர் இழை சேர்கிறது. ஒவ்வோர் இணைப் பாவு இழையிலும் ஒரு சிறு கம்பளி நூலை முடிச்சாகச் சுற்றி, அதன் இரு நுனிகளையும் முன்புறம் இழுத்து வெட்டிவிடுகிறார்கள். ஒரு வரிசை முடிந்ததும் ஒன்றிரண்டு ஊடை இழைகளைச் செலுத்தி, கனமான இரும்புச் சீப்பால் அடித்து இறுக்குகிறார்கள். வெட்டப்பட்ட நுனிகள் நெருக்கமாக நிமிர்ந்து நின்று மென்மையான மயிர்ப்பரப்பாக அமைகின்றன. பின்னர் அதைக் கத்தரித்துச் சமன் செய்கிறார்கள்.

முடிச்சில் இரண்டு முக்கிய வகைகள் உண்டு. துருக்கி முடிச்சு இரு பாவு இழைகளையும் சமமாகச் சுற்றிக்கொள்ளும். பாரசீக முடிச்சு ஓர் இழையை முழுதாகச் சுற்றி, மற்றொன்றின் அடியில் நழுவிச் செல்லும். பாரசீக முடிச்சை நெருக்கமாக இடலாம் என்பதால் வளைவான கொடி, மலர், இலை போன்ற உருவங்கள் கூர்மையாக விழும். இந்தியக் கம்பள மரபில் பெரிதும் வழங்கியது இதுவே.

இந்த வேலையின் அளவை ஒரு கணக்கு விளக்கும். 12 அடி நீளமும் 9 அடி அகலமும் உள்ள கம்பளத்தின் பரப்பு 15,552 சதுர அங்குலம். ஒரு சதுர அங்குலத்துக்கு 64 முடிச்சு என்ற நடுத்தர நெருக்கத்தில் நெய்தால் மொத்தம் 9,95,328 முடிச்சுகள் வேண்டும். தேர்ந்த நெசவாளி ஒருவர் நாளொன்றுக்கு 6,000 முடிச்சு இட்டால், தனியாளாக அதை முடிக்க 166 நாட்கள் ஆகும். ஆகவே ஒரு தறியில் இருவரோ மூவரோ நால்வரோ வரிசையாக அமர்ந்து வேலை செய்தனர். முடிச்சின் நெருக்கம் இரண்டு மடங்கானால் உழைப்பும் இரண்டு மடங்காகும். கம்பளத்தின் விலையை முதலில் தீர்மானிப்பது இந்த எண்ணிக்கைதான்.

கம்பளியின் இயல்பு

மயிர்ப்பரப்புக்கு ஆட்டுக் கம்பளியே சிறந்த பொருள். கம்பளி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் மூலக்கூறுகள் சுருள்களாக அமைந்துள்ளதால், மிதிக்கும்போது மடங்கும் இழை மிதி விலகியதும் மீண்டும் நிமிர்கிறது. பருத்திக்கு இந்த மீள்தன்மை மிகக் குறைவு. கம்பளி இழையின் மேற்பரப்பில் நுண்ணிய செதில்கள் ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கி இருப்பதால், அழுக்கும் நீர்த்துளியும் எளிதில் உள்ளே இறங்குவதில்லை. கெரட்டினில் அமிலத் தன்மையுள்ள தொகுதிகளும் காரத் தன்மையுள்ள தொகுதிகளும் உள்ளன. எனவே பலவகைச் சாயங்கள் அதனுடன் பிணைப்பு ஏற்படுத்திக்கொள்கின்றன.

எல்லா ஆடும் கம்பளிக்கு உதவாது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பகுதிகளில் மேயும் மெட்ராஸ் ரெட் எனப்படும் செவ்வாடு குட்டையான மயிர் கொண்டது. இறைச்சிக்காக வளர்க்கப்படும் இந்த இனம் நூற்பதற்கேற்ற கம்பளி தருவதில்லை. வெப்பமும் ஈரமும் மிகுந்த கடலோரச் சமவெளியில் அடர்ந்த கம்பளி ஆட்டுக்குச் சுமை என்பதால் இத்தகைய இனங்களே அங்கு நிலைத்தன. வறண்ட தக்காண மேட்டுநில ஆடுகள்தான் கம்பளி தந்தன. அது சொரசொரப்பானது, கறுப்பும் பழுப்பும் கலந்தது. குரும்பர் முதலிய மேய்ச்சல் மக்கள் அதை நூற்றுக் கம்பளிப் போர்வை நெய்தனர். கம்பளப் பட்டறைகளுக்கோ வெளிர்நிறக் கம்பளி தேவைப்பட்டது. கறுப்புக் கம்பளியில் சிவப்போ மஞ்சளோ விளங்காது. கம்பளியைத் தரம் பிரித்து, வெளிறியதைச் சாயத்துக்கு ஒதுக்குவதே பட்டறையின் முதல் வேலை.

மரபுச் சாயங்களின் வேதியியல்

தென்னிந்தியக் கம்பளத்தின் உயிர் அதன் நிறத்தில் இருந்தது. சிவப்புக்கு மஞ்சிட்டி வேரும் அரக்கும் பயன்பட்டன. சோழமண்டலக் கரையின் மணல் நிலங்களில் தோண்டி எடுத்த சாயவேர் பருத்தித் துணிக்குச் சிவப்பு ஏற்றியது. நீலத்துக்கு அவுரி. மஞ்சளுக்கு மஞ்சள் கிழங்கும் மாதுளை ஓடும் கடுக்காயும். நீலத்தின் மேல் மஞ்சள் ஏற்றிப் பச்சை எடுத்தனர். நீலத்தின் மேல் சிவப்பு ஏற்றி ஊதா எடுத்தனர்.

வேரையோ பட்டையையோ நீரில் கொதிக்கவைத்து நூலை அமிழ்த்தினால் மட்டும் நிறம் நிலைக்காது. சாயத்துக்கும் இழைக்கும் இடையே பாலம்போல் ஓர் உலோக உப்பு வேண்டும். வேதியியலில் இதற்கு நிறமூன்றி என்று பெயர். நம் சாயக்காரர்கள் பயன்படுத்திய நிறமூன்றி படிகாரம். படிகாரத்தில் உள்ள அலுமினியம் அயனி ஒருபுறம் கம்பளிப் புரதத்துடனும் மறுபுறம் சாய மூலக்கூறுடனும் பிணைகிறது. சாயவேரிலுள்ள அலிசாரின் என்ற சேர்மம் அலுமினியத்துடன் சேரும்போது நீரில் கரையாத சிவப்பு நிறமியாகிறது. துவைத்தாலும் வெயிலில் கிடந்தாலும் அது எளிதில் மாறாது. படிகாரத்துக்குப் பதிலாக இரும்பு உப்பைச் சேர்த்தால் அதே அலிசாரின் ஊதாவாகவும் கருஞ்சிவப்பாகவும் மாறும். ஒரே வேரிலிருந்து பல நிறங்களை எடுக்கும் இந்த அறிவு, மூலக்கூறு என்ற கருத்து தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சாயப்பட்டறைகளில் இருந்தது.

அவுரியின் வழி வேறு. அதன் நீலநிறமி நீரில் கரைவதில்லை. கரையாத பொருள் இழைக்குள் நுழையாது. எனவே சாயத் தொட்டியில் சுண்ணாம்பு சேர்த்துக் காரமாக்கி, தகரை விதைக் கூழ் போன்றவற்றை இட்டு நொதிக்க வைத்தனர். நொதித்தலில் பெருகும் நுண்ணுயிரிகள் தொட்டியின் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு நிறமியை ஒடுக்கம் செய்கின்றன. அது மஞ்சள் கலந்த பச்சை நிறக் கரைசலாகிறது. அதில் தோய்த்த நூலை வெளியே எடுத்ததும் காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு, இழைக்குள்ளேயே நீலம் மீண்டும் உருவாகிறது. ஆழ்ந்த நீலத்துக்குப் பல முறை தோய்த்து உலர்த்த வேண்டும்.

கறுப்புக்கு மட்டும் மரபுமுறையில் ஒரு குறை இருந்தது. கடுக்காயின் டானினும் இரும்பு உப்பும் சேர்ந்தால் நல்ல கறுப்பு கிடைக்கும். ஆனால் இரும்பு காலப்போக்கில் கம்பளி இழையை அரித்துவிடும். பழங்கம்பளங்களில் கறுப்பும் கரும்பழுப்பும் உள்ள கோடுகள் மட்டும் பள்ளமாகத் தேய்ந்திருப்பது இதனால்தான். கம்பளத்தின் வயதைக் கணிக்கும் வல்லுநர்கள் இதையும் ஓர் அடையாளமாகக் கொள்கிறார்கள்.

தொழில் நடந்த முறை

கம்பள நெசவு வீட்டையொட்டிய பட்டறைகளில் நடந்தது. தறி பெரும்பாலும் செங்குத்தாக நிற்கும். மேலே ஓர் உருளையில் பாவு சுற்றப்பட்டிருக்கும். நெய்த பகுதி கீழ் உருளையில் சுருளும். நெசவாளிகள் தறிக்கு முன் பலகையில் வரிசையாக அமர்வார்கள். எந்த இடத்தில் எந்த நிற முடிச்சு என்பதைத் தலைமை நெசவாளி நினைவிலிருந்தோ மாதிரியைப் பார்த்தோ ராகமாகச் சொல்ல, மற்றவர்கள் அதைக் கேட்டு முடிச்சிடுவதும் உண்டு.

முதலீடு வணிகர்களுடையது. கம்பளி, பருத்தி நூல், சாயச் சரக்கு வாங்க நெசவாளிக்கு முன்பணம் தந்து, முடிந்த கம்பளத்தை ஒப்புக்கொண்ட விலைக்கு எடுத்துக்கொண்டனர். ஒரு கம்பளம் முடிய மாதங்கள் ஆகும் என்பதால் முன்பணம் இல்லாமல் எந்தப் பட்டறையும் ஓட முடியாது. இந்த ஏற்பாட்டில் நெசவாளியின் திறமைக்கு மதிப்பு இருந்தாலும், விலை பேசும் வலிமை வணிகரிடமே தங்கியது.

வடிவங்களுக்கு ஆதரவாளர்களின் பெயரோ வாங்குவோரின் பெயரோ சூட்டும் வழக்கம் ஏலூரில் இருந்தது. ராமச்சந்திரக்கானி, ஹாஷிம்கானி போன்ற பெயர்கள் அப்படி வந்தவை. தென்னிந்தியக் கம்பள நெசவைப் பற்றி ஹென்றி ஹாரிஸ் எழுதி 1908-இல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்ட தனிநூல், இவ்வடிவங்களையும் தொழில்முறைகளையும் படங்களுடன் பதிவு செய்துள்ளது. தொழில் தளர்ந்துவிட்ட காலத்தில் எழுதப்பட்ட அந்நூலே இன்று இத்துறையின் முதன்மை ஆவணம்.

1851-ஆம் ஆண்டுக் கண்காட்சி

1851-இல் லண்டன் ஹைட் பூங்காவில் கண்ணாடி மாளிகை எழுப்பி நடத்தப்பட்ட உலகத் தொழிற்கண்காட்சியை ஏறத்தாழ 60 லட்சம் பேர் பார்த்தனர். கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பிய பொருட்களில் ஏலூரு, மசூலிப்பட்டினம், வாரங்கல் கம்பளங்களும் இடம்பெற்றன. நிறப் பொருத்தத்திலும் வடிவ ஒழுங்கிலும் ஐரோப்பியக் கம்பளங்களைவிட அவை உயர்ந்தவை என்று ஆங்கிலேயக் கலை விமர்சகர்களே எழுதினர். தொழிற்புரட்சியால் வசதி பெற்ற ஆங்கில நடுத்தர வர்க்கம் வீட்டுக் கூடத்துக்குக் கம்பளம் தேடிய காலம் அது. லண்டன் வணிகர்களின் வேண்டுகை மளமளவென்று ஏறியது.

இந்த வரவேற்பே ஆபத்தையும் கொண்டுவந்தது. லண்டன் வணிகருக்கு வேண்டியவை குறைந்த விலை, குறித்த அளவு, விரைந்த வரவு. ஜார்ஜ் பேர்ட்வுட் 1880-இல் வெளியிட்ட இந்தியத் தொழிற்கலைகள் பற்றிய நூலில், மசூலிப்பட்டினக் கம்பளங்களின் சீர்கேட்டுக்கு ஆங்கில இறக்குமதியாளர்களையே பொறுப்பாக்கினார். மலிவான மூலப்பொருட்களை நெசவாளிகள்மேல் திணித்ததையும், பருத்திப் பாவுக்குப் பதிலாக ஆங்கில முறுக்குக் கயிறு நுழைந்ததையும் அவர் வருத்தத்தோடு குறித்தார். கம்பளத்தின் முதுகெலும்பான பாவே மாறிவிட்டால் மேலே எத்தனை அழகு இருந்தாலும் அது நீடிக்காது.

ஹாலிபாக்ஸின் இயந்திரங்கள்

இங்கிலாந்திலும் முதலில் கைமுடிச்சுக் கம்பளமே இருந்தது. 1755-இல் தாமஸ் விட்டி ஆக்ஸ்மின்ஸ்டர் என்ற ஊரில் துருக்கி முறையில் கம்பளம் நெய்யத் தொடங்கினார். கைமுடிச்சை இயந்திரம் செய்ய முடியாததால் ஆலைகள் வேறு வழியைத் தேடின. பிரஸ்ஸல்ஸ் கம்பளம் என்ற வகையில், நிறத்துக்கு ஒன்றாக ஐந்தாறு பாவுகளை அடுக்கி, ஜக்கார்டு இயந்திரம் தேவையான நிற இழையை மட்டும் மேலே தூக்கும். தூக்கிய இழைக்கு அடியில் ஒரு கம்பியைச் செருகி எடுத்தால் கண்ணிகள் நிற்கும். மற்ற நிற இழைகள் கம்பளத்துக்குள்ளேயே மறைந்து கிடக்கும். இதனால் நிறங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. விலை உயர்ந்த கம்பளியும் வீணாகும்.

எடின்பரோவைச் சேர்ந்த ரிச்சர்ட் விட்டாக் 1832-இல் இதற்கு ஒரு மாற்றுக்குக் காப்புரிமை பெற்றார். நெய்வதற்கு முன்பே பாவு நூலின்மேல் நிறங்களை அச்சிட்டுவிடும் முறை அது. கண்ணி எழும்போது நூல் சுருங்கும் என்பதால், வடிவத்தை அதே விகிதத்தில் நீட்டி அச்சிட வேண்டும். ஒரே பாவில் எத்தனை நிறமும் சாத்தியமானது. 1839-இல் கிளாஸ்கோவின் ஜேம்ஸ் டெம்பிள்டன் கைமுடிச்சின் தோற்றம் தரும் இன்னொரு முறையைக் கொண்டுவந்தார். அடுத்த பத்தாண்டின் இறுதியில் அமெரிக்கரான எராஸ்டஸ் பிகலோ, கம்பியைச் செருகி எடுக்கும் வேலையையும் தானே செய்யும் நீராவித் தறியை உருவாக்கினார். கைத்தறியில் நாளொன்றுக்கு ஏழு கெஜம் வந்த பிரஸ்ஸல்ஸ் கம்பளம் அதில் 20 முதல் 25 கெஜம் வரை வந்தது.

இந்தக் கண்டுபிடிப்புகளைப் பெருந்தொழிலாக்கியது யார்க்ஷயரின் ஹாலிபாக்ஸ் நகரிலிருந்த கிராஸ்லி நிறுவனம். ஜான் கிராஸ்லி 1803-இல் டீன் கிளவ் என்ற இடத்தில் குத்தகைக்கு எடுத்த ஆலையை, அவருடைய மக்கள் ஜோசப், ஜான், பிரான்சிஸ் ஆகியோர் விரிவாக்கினர். பிகலோவின் பிரிட்டிஷ் காப்புரிமையை வாங்கி, பிற ஆலைகளிடம் உரிமத் தொகையும் பெற்றனர். உச்சகட்டத்தில் 5,000 பேர் வரை வேலை செய்த டீன் கிளவ், உலகின் மிகப் பெரிய கம்பள ஆலையாகக் கருதப்பட்டது. விளைவாக, ஆங்கிலேயத் தொழிலாளியின் வீட்டிலும் கம்பளம் விரிந்தது. தென்னிந்தியப் பட்டறைகள் எதிர்பார்த்திருந்த நடுத்தரச் சந்தையின் பெரும்பகுதி இப்படிக் கைநழுவியது.

நிலக்கரித் தாரிலிருந்து வந்த நிறம்

விலை உயர்ந்த கம்பளங்களுக்கான சந்தை அப்போதும் கைத்தறிக்கு எஞ்சியிருந்தது. அதைச் சிதைத்தது சாயம். 1856-இல் 18 வயது மாணவரான வில்லியம் பெர்க்கின் நிலக்கரித் தாரிலிருந்து பெற்ற அனிலினைக் கொண்டு ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1859-இல் மெஜந்தா வந்தது. அடுத்த பத்தாண்டுகளில் கண்ணைப் பறிக்கும் செயற்கைச் சாயங்கள் வரிசையாக வெளிவந்து இந்தியச் சந்தைகளையும் அடைந்தன.

சாயக்காரருக்கு இவற்றின் கவர்ச்சி மிகப் பெரியது. படிகாரம் ஏற்றி, வேர் இடித்து, ஊறவைத்து, கொதிக்கவைத்து, நாட்கணக்கில் செய்த வேலையை ஒரு சிட்டிகைத் தூளும் ஒரு சட்டி வெந்நீரும் சில நிமிடங்களில் முடித்தன. முன்பணக் கடனும் விலை நெருக்கடியும் சூழ்ந்த பட்டறையில் இதை மறுப்பது எளிதன்று. ஆனால் தொடக்ககால அனிலின் சாயங்கள் பல, இழையுடன் மின்னேற்றக் கவர்ச்சியால் மட்டுமே ஒட்டியிருந்தன. உலோகப் பாலம் இல்லை. ஒளி பட்டதும் அவற்றின் மூலக்கூறுகள் ஆக்சிஜனேற்றத்தால் சிதைந்தன. நீர் பட்டால் நிறம் கசிந்து பக்கத்து நிறத்தில் இறங்கியது. லண்டன் வீட்டின் சன்னலோரத்தில் சில ஆண்டுகள் கிடந்த கம்பளம் சாம்பல் பூத்துப்போனது. வாங்கியவர் மீண்டும் வாங்கவில்லை. ஈரானிலும் காஷ்மீரிலும் அரசுகள் தலையிட்டு அனிலின் சாயத்துக்குத் தடை விதிக்கும் அளவுக்கு இச்சிக்கல் முற்றியது. சென்னை மாகாணத்தில் அத்தகைய காப்பு ஏதும் தொழிலுக்குக் கிடைக்கவில்லை.

செயற்கைச் சாயம் என்பதாலேயே அது கெட்டது என்று முடிவு கட்டுவது பிழை. 1868-இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் கிரேபே, லீபர்மன் இருவரும் ஆய்வகத்தில் அலிசாரினை உருவாக்கினர். சாயவேரில் இருக்கும் அதே மூலக்கூறுதான் அது. படிகாரத்துடன் முறைப்படி ஏற்றினால் அதே உறுதி கிடைக்கும். 1897-இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை அவுரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவும் இயற்கை நீலத்தின் மூலக்கூறே. இவை கம்பளத்தின் தரத்தைக் கெடுக்கவில்லை. ஆனால் சாயவேர் தோண்டியவர்களின் பிழைப்பையும், கடப்பை, ஆற்காடு மாவட்டங்களின் அவுரிச் சாகுபடியையும் வேரறுத்தன. தரத்தைக் கெடுத்தவை மலிவான தொடக்ககாலத் தூள்கள். நிறமூன்றியை விட்டுவிட்ட அவசரமும் அதற்குத் துணைபோனது.

சிறைக் கம்பளங்கள்

19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கம்பள நெசவு இந்தியச் சிறைகளில் புகுந்தது. ஆக்ரா, லாகூர், புனேவுக்கு அருகிலுள்ள எரவாடா, தெற்கே வேலூர் ஆகிய சிறைகள் பெயர் பெற்றன. நீண்டகாலத் தண்டனைக் கைதிகளுக்குப் பொறுமையும் ஒழுங்கும் வேண்டும் தொழிலாக அதிகாரிகள் இதைக் கருதினர். சிறையின் செலவையும் அது ஓரளவு ஈடுகட்டியது. ஆக்ரா சிறைக் கைதிகள் விக்டோரியா அரசிக்காக நெய்த கம்பளம் ஏறத்தாழ 80 அடி நீளமும் 40 அடி அகலமும் இரண்டு டன் எடையும் கொண்டது. வின்சர் கோட்டையின் வாட்டர்லூ மண்டபத்துக்கு 1894-இல் சென்ற அந்தக் கம்பளத்தை, 1992-இல் கோட்டையில் தீப்பிடித்தபோது சுருட்டி அகற்ற 50 படைவீரர்கள் தேவைப்பட்டனர்.

கைவினையில் கைதிகளின் தேர்ச்சி குறைந்ததன்று. ஆயினும் சிறைப் பட்டறைக்குக் கூலிச் செலவு இல்லை. இடம், தறி, மேற்பார்வை எல்லாம் அரசுடையவை. வேலூர் சிறைக்கும் வாலாஜாப்பேட்டைக்கும் இடையே உள்ள தொலைவு 30 கிலோமீட்டருக்கும் குறைவு. குடும்பத்தைக் காப்பாற்றக் கூலி வாங்கியாக வேண்டிய நெசவாளி, கூலியே கேட்காத தறியுடன் விலையில் போட்டியிட நேர்ந்தது. மேலும், சிறைக்கு வந்த வேண்டுகைகள் பெரும்பாலும் ஐரோப்பியர் அனுப்பிய மாதிரிகளின்படி அமைந்தன. ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த வடிவ மரபு மங்கி, எங்கும் ஒரே வகை வடிவங்கள் பரவின. பேர்ட்வுட் உள்ளிட்டோர் சிறை நெசவைக் கடுமையாக எதிர்த்தனர். அந்த எதிர்ப்பு நியாயமானது.

ரயிலும் பஞ்சமும்

தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை 1856 ஜூலை 1 அன்று சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. கம்பளம் துறைமுகம் சேரும் நேரம் நாட்களிலிருந்து மணிகளாகக் குறைந்தது. ஆனால் பாதை மேற்கே நீண்டதும் மேட்டுநிலச் சரக்கு வாலாஜாப்பேட்டையில் இறங்காமல் நேரே சென்னைக்குப் போயிற்று. அரக்கோணத்திலிருந்து திருத்தணி வழியாக வடமேற்கே சென்ற மற்றொரு பாதை 1871-இல் ராய்ச்சூர் வரை சென்று மும்பைப் பாதையுடன் இணைந்தது. இடைத்தங்கல் சந்தையாக வாழ்ந்த ஊர் அந்தப் பிழைப்பை இழந்தது. நெசவாளிக்கு முன்பணம் தந்த வணிகர்களின் செல்வம் கரைந்ததோடு பட்டறைகளின் முதலும் கரைந்தது. அதே ரயில் மலிவான ஆலைத்துணியையும் ஆலைநூலையும் உள்ளூர்களுக்குக் கொண்டுவந்தது.

1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம் வட ஆற்காட்டையும் வாட்டியது. தானிய விலை ஏறியதும் மக்கள் முதலில் நிறுத்தியது துணி வாங்குவதை. எனவே உழவருக்கு அடுத்தபடியாக நெசவாளரே மிகவும் நொந்தனர். நிலமும் இல்லாமல் தறிக்கும் வேலை இல்லாமல் பலர் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். கைத்தொழில் அறிவு ஏட்டில் இருப்பதில்லை. கைவிட்டுக் கைமாறுவது. ஒரு தலைமுறை சிதறினால் அது அறுந்துபோகும். நூற்றாண்டின் இறுதியில் வாலாஜாப்பேட்டையின் கம்பள நெசவு பழைய புகழின் எச்சமாகச் சுருங்கியிருந்தது.

எஞ்சியவை

காவிரியும் பவானியும் கூடும் பவானி நகரில் இதே காலத்தில் வேறொரு வகை விரிப்பு வளர்ந்தது. ஆங்கில ஆலைத்துணியின் போட்டியைச் சமாளிக்க, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜங்கமர் சமூக நெசவாளர்கள் முரட்டுப் பருத்தி நூலில் வண்ணக் கோடுகளுடன் ஜமக்காளம் நெய்தனர். இதில் முடிச்சோ மயிர்ப்பரப்போ இல்லை. தடித்த ஊடை பாவை முழுதும் மூடிவிடும் எளிய நெசவு. அகலமான குழித்தறியில் இருவர் அருகருகே அமர்ந்து நாடாவை ஒருவருக்கொருவர் தள்ளிக்கொள்வர். துவைக்கலாம், மடிக்கலாம், தோளில் சுமந்து திருமண வீட்டுக்கும் கோயில் மண்டபத்துக்கும் கொண்டுபோகலாம். வெப்பநாட்டுக் குடும்பத்துக்கு ஏற்ற விரிப்பு அது. கடல்கடந்த வணிகரை மட்டும் நம்பாமல் உள்ளூர் வீடுகளை நம்பியதால் பவானித் தறிகள் நின்றன. 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் ஜமக்காளத்தைக் கைத்தறிக்கென ஒதுக்கியது. 2005-06-இல் பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடு பெற்றது.

ஏலூரில் கம்பள முடிச்சு இன்றும் முற்றிலும் அற்றுப்போகவில்லை. வடக்கே மிர்சாபூர், பதோகி வட்டாரங்கள் ஏற்றுமதியைத் தக்கவைத்து, இந்தியக் கைமுடிச்சுக் கம்பளத்தின் தலைமை இடங்களாயின. திருத்தணியைச் சுற்றிய பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை ஊர்களில் நெசவுக் குடும்பங்கள் விசைத்தறிக்கு மாறி லுங்கியும் வேட்டியும் நெய்கின்றன. இயந்திரத்தால் உலகை வென்ற ஹாலிபாக்ஸின் டீன் கிளவ் ஆலையும் 1980-களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. ஆலைக்கம்பளத்தை அதைவிட மலிவான செயற்கை இழைக் கம்பளம் வீழ்த்தியது.

வாலாஜாப்பேட்டைக் கம்பளம் மறைந்ததற்கு நெசவாளியின் திறமைக்குறைவு காரணமில்லை. மயிர்ப்பரப்பின் கம்பளி, பாவின் பருத்தி, நிறத்தின் நிறமூன்றி ஆகிய மூன்றும் சேர்ந்துதான் கம்பளத்துக்கு மதிப்பைத் தந்தன. விலையைக் குறைக்கும் நெருக்கடியில் அவை ஒவ்வொன்றாகக் கழிந்தபோது, இயந்திரத்தால் தொட முடியாத உயர்தரச் சந்தையும் கைவிட்டுப் போயிற்று. மலிவில் ஆலையை வெல்லக் கைத்தறியால் ஒருநாளும் முடியாது. தரத்தில் ஆலையை வெல்ல அதனால் எப்போதும் முடியும். இன்று எஞ்சியிருக்கும் கைத்தறிகளைக் காக்க நினைக்கும் அரசும் கூட்டுறவுச் சங்கங்களும் வாங்குவோரும் நூலின் தரத்தையும் சாயத்தின் உறுதியையும் நெசவாளியின் கூலியையும் முதலில் காக்க வேண்டும்.